ஒரு வகுப்பு, இரண்டு முகடுகள்: வணிகப் புள்ளியியல் தாளின் மதிப்பெண் பரவல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்கு அருகே உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில், இளங்கலை வணிகவியல் முதலாண்டு மாணவர்கள் இரண்டாம் பருவத்தில் எழுதிய வணிகப் புள்ளியியல் தாளின் முடிவை இக்குறிப்பு பதிவுசெய்கிறது. கல்லூரியின் பெயரும் ஆண்டும் மறைக்கப்பட்டுள்ளன; எண்கள் தோராயமாக முழுமையாக்கப்பட்டுள்ளன. முடிவுக்கு ஒப்புதல் தரும் குழுவில், வழக்கில் பாஸிங் போர்டு என்கிறோமே அதில், வேறு துறையிலிருந்து அழைக்கப்பட்ட புள்ளியியல் ஆசிரியராக நான் இருந்தேன்.

மதுரையில் 1978 முதலே தன்னாட்சிக் கல்லூரிகள் உண்டு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்கினாலும், பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம், தரமிடல் ஆகிய எல்லாவற்றையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். இக்கல்லூரியில் ஒவ்வொரு தாளுக்கும் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டிருந்தன. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு பருவத்தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 வேண்டும். அகமதிப்பீட்டில் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. தர எழுத்துகள் நேரடித் தரமிடல் முறையில் வழங்கப்பட்டன: 90-க்கு மேல் ஓ, 80 முதல் ஏ பிளஸ், 70 முதல் ஏ, 60 முதல் பி பிளஸ், 50 முதல் பி, 40 முதல் சி. அதற்குக் கீழே அரியர்.

வினாத்தாள் எல்லோரும் அறிந்த அமைப்புதான். முதற்பகுதியில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், அடுத்ததில் ஐந்து ஐந்து மதிப்பெண் வினாக்கள், கடைசிப் பகுதியில் ஐந்தில் மூன்றுக்கு விடையளிக்கும் பத்து மதிப்பெண் வினாக்கள்.

குழுவின் முன் வந்த படம்

சுமார் 180 பேர் தேர்வு எழுதியிருந்தார்கள். பருவத்தேர்வுச் சராசரி 75-க்கு 40-ஐ ஒட்டி இருந்தது. மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 15. ஏறக்குறைய 67 பேர் 30-ஐ எட்டவில்லை. வழக்கமான முடிவுப் பகுப்பாய்வுப் படிவத்தில் இதற்கு மேல் எதையும் எழுத இடமில்லை: எழுதியோர், தேறியோர், தேர்ச்சி விழுக்காடு, வகுப்புச் சராசரி, முடிந்தது. அந்தப் படிவத்தை மட்டும் பார்த்தால், வகுப்பு மொத்தமாகக் கொஞ்சம் மந்தம் என்றுதான் தோன்றும்.

மதிப்பெண்களை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்பதைப் பட்டை உயரத்தால் காட்டும் நிகழ்வுச் செவ்வகம் வரைந்ததும் வேறு படம் கிடைத்தது. 26-ஐச் சுற்றி ஒரு முகடு, 53-ஐச் சுற்றி இன்னொரு முகடு, நடுவில் பள்ளம். இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய சம அளவில், தொண்ணூறு தொண்ணூறு பேராக மாணவர்கள் நின்றார்கள். வகுப்பின் சராசரி சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்தது. மொத்த மதிப்பெண்ணின் சராசரி 61 அல்லது 62 என்பதால் வகுப்பின் சராசரித் தரம் பி பிளஸ் என்று சொல்லலாம். ஆனால் பி பிளஸ் வாங்கியவர்கள் ஒன்பதில் ஒருவர்தான்.

தரப் பட்டியலில் இன்னொரு விந்தையும் இருந்தது. சி என்ற தரத்தில் ஒருவர்கூட இல்லை. இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, கூட்டிப் பார்த்தாலே போதும். அகமதிப்பீட்டில் எல்லோருக்கும் 20-லிருந்து 24-க்குள் போடப்பட்டிருந்தது, பெரும்பாலோருக்கு 22. பருவத்தேர்வில் 30 வாங்கித் தேறிய கடைசி மாணவருக்கும் மொத்தம் 52 வந்துவிடும், அது பி. 29 வாங்கியவருக்கு மொத்தம் 51 வரும், அது அரியர். ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவர் பட்டியலின் நடுவிலும் மற்றவர் பட்டியலுக்கு வெளியிலும் நிற்க, இடையில் ஒரு தரம் முழுதும் ஆளில்லாமல் கிடந்தது.

மூன்று யோசனைகள்

முதல் யோசனை கருணை மதிப்பெண். "மூணு மார்க் போட்டா இருபது பேர் கரையேறிடுவாங்க சார், சீக்கிரம் ரிசல்ட் விட்டுடலாம்" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். கணக்கு சரிதான், 27, 28, 29-இல் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

இரண்டாவது யோசனை சார்புநிலைத் தரமிடல். பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் விருப்பத் தேர்வுப் பாடமுறைக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் பத்துப் புள்ளி அளவுகோலைப் பரிந்துரைத்தபோது, நேரடித் தரமிடல், சார்புநிலைத் தரமிடல் இரண்டுக்குமே இடம் கொடுத்திருந்தது என்பதை ஒரு உறுப்பினர் சுட்டிக்காட்டினார். சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறார் என்பதை வைத்து எழுத்தைக் கொடுத்துவிட்டால், வினாத்தாள் கடினமா எளிதா என்ற வாதமே எழாது என்பது அவர் கருத்து.

மூன்றாவது, எதையும் தொடாமல் அப்படியே வெளியிடுவது.

குழு அன்று எதையும் முடிவுசெய்யாமல், முகடு ஏன் இரண்டானது என்று பார்க்க எங்களில் மூவருக்கு ஒரு வாரம் கொடுத்தது.

ஐயங்களும் சரிபார்ப்பும்

முதல் ஐயம் திருத்தியவர்கள் மேல் விழுந்தது. சித்திரைத் திருவிழா நெருங்கிய வாரத்தில் திருத்தும் பணி நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் உள்ளூர் விடுமுறைக்கு முன் ஒருவரும், விடுமுறைக்குப் பின் வேறொருவரும் பெரும்பாலான கட்டுகளைத் திருத்தியிருந்தார்கள். ஒருவர் கறார், மற்றவர் தாராளம் என்றால் இரண்டு முகடுகள் வரலாம். ஆனால் விடைத்தாள்கள் கலைக்கப்பட்ட பிறகுதான் அவற்றுக்கு, எழுதியவர் யாரென்று தெரியாதபடி பதிவெண்ணுக்குப் பதிலாக வைக்கும் டம்மி எண் இடப்பட்டிருந்தது. ஆகவே எந்தக் கட்டிலும் எல்லா வகை மாணவர்களும் கலந்தே இருப்பார்கள். திருத்தியவர்தான் காரணம் என்றால் ஒவ்வொருவர் கட்டிலும் ஒரே ஒரு முகடு, இடம் மட்டும் மாறி, இருக்க வேண்டும். தனித்தனியாக வரைந்து பார்த்ததில் இருவர் கட்டிலும் இரண்டிரண்டு முகடுகள், ஏறத்தாழ ஒரே இடங்களில் இருந்தன. அந்த ஐயம் அதோடு தீர்ந்தது.

அடுத்தது வினாத்தாள். வெளியூரிலிருந்து வந்த தாள் கடினமாக இருந்தது என்பது மாணவர்களின் பொதுவான முறையீடு. தாள் எல்லோருக்கும் கடினமாக இருந்திருந்தால் முகடு ஒன்றாகவே இடப்பக்கம் நகர்ந்திருக்கும். வினாவாரியாகப் பிரித்தபோது, இரண்டு மதிப்பெண் வினாக்களில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வரையறை, பயன்கள், வகைகள் ஆகியவற்றை எல்லோரும் ஓரளவு எழுதியிருந்தார்கள். பத்து மதிப்பெண் கணக்குகளில்தான் பள்ளம் வெட்டினாற்போலத் தெரிந்தது.

பிறகு சேர்க்கை விண்ணப்பங்களைப் புரட்டினோம். மேல்நிலை வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் படித்து வருபவர்களுக்கு நான்காவது பாடம் பள்ளிக்குப் பள்ளி மாறும். சிலருக்கு அது வணிகக் கணிதமும் புள்ளியியலும். வேறு சிலருக்குக் கணினிப் பயன்பாடுகள். வணிகக் கணிதம் எடுத்தவர்கள் ஒட்டுறவையும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) தொடர்புப் போக்கையும் (ஒன்றைக் கொண்டு மற்றதைக் கணிக்கும் கோடு) பதினோராம் வகுப்பிலும், குறியீட்டு எண்களையும் காலத் தொடரையும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பார்த்துவிட்டே வருகிறார்கள். கல்லூரித் தாளின் பெரும்பகுதி அவர்களுக்கு இரண்டாம் வாசிப்பு. மற்றவர்கள் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். வலப்பக்க முகட்டில் பெரும்பாலோர் முதல் வகை, இடப்பக்கத்தில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. முழுக்கப் பொருந்தியது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கத்திலும் விதிவிலக்குகள் இருந்தன.

ஒரே பிழை, மூன்று இடங்களில்

இடப்பக்க விடைத்தாள்களைக் கையில் எடுத்துப் படித்தபோதுதான் விஷயம் துலங்கியது. ஒரு விடைத்தாளை மாதிரியாகச் சொல்கிறேன். விலைக்கும் தேவைக்கும் இடையிலான ஒட்டுறவின் அளவை, குறை 1-க்கும் 1-க்கும் இடையில் வரும் எண்ணாகச் சொல்லும் ஒட்டுறவுக் கெழுவைக் காணும் கணக்கு. அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்ட அட்டவணை, தலைப்புகள் சரி, கூட்டல் சரி, சூத்திரமும் சரி. ஆனால் ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற விலக்கங்களை எழுதிய பத்தியில் ஒரு குறை குறி (மைனஸ்) கூட இல்லை. 48-லிருந்து 50-ஐக் கழித்தால் குறை 2 வர வேண்டிய இடத்தில் வெறும் 2 என்று இருந்தது. அதை அடுத்த பத்தியின் 3-ஆல் பெருக்கி 6 என்று எழுதியிருந்தார். குறை 6 வந்திருக்க வேண்டும்.

இது கவனக்குறைவு அன்று. ஒட்டுறவுக்கு முன் அதே அலகில் நடத்தப்படும் பாடம் சராசரி விலக்கம். அதில் குறிகளைப் புறக்கணித்துவிட்டுக் கூட்டுவதுதான் முறை. புதிதாகப் படிப்பவர்கள், விலக்கம் என்றாலே குறி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த பாடங்களுக்கும் அதையே கொண்டுபோயிருக்கிறார்கள். கொள்சராசரி முறையில் (வசதியான ஓர் எண்ணைச் சராசரியாக வைத்துக்கொண்டு) திட்டவிலக்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு என்று பத்து மதிப்பெண் கணக்குகளில் மூன்று இந்த ஒரே பழக்கத்தால் தவறின.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எல்லாக் குறிகளையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் ஒட்டுறவுக் கெழு ஒன்றைத் தாண்டாது. திட்டவிலக்கத்தில் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வராது. விடை தவறு என்று காட்டும் எந்த அறிகுறியும் தாளில் தெரியாது. விலை ஏறினால் தேவையும் ஏறும் என்ற பொருளில் விடை வந்திருக்கிறதே என்று வணிகவியல் மாணவர் திடுக்கிட்டிருக்க வேண்டும்தான். தேர்வறையில், மூன்றாவது மணி நேரத்தில், அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

திருத்துவதற்கான விடைக்குறிப்பு, சூத்திரத்துக்கு 2, அட்டவணைக்கு 4, பிரதியிடலுக்கு 2, விடைக்கு 2 என்றிருந்தது. முதல் பத்தியில் குறி போனதும் அட்டவணை தவறு, பிரதியிடல் தவறு, விடை தவறு. ஒரு பிழைக்கு எட்டு மதிப்பெண். மூன்று கணக்குகளில் அதே பிழைக்கு மூன்று முறை தண்டனை.

அகமதிப்பீடு சொல்லாமல் விட்டது

இந்தப் பிளவு மே மாதத்தில்தான் தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வகுப்பாசிரியர்களின் குறிப்பேட்டில் முதல் உள்தேர்வின் மூல மதிப்பெண்கள் இருந்தன. பிப்ரவரியிலேயே இரண்டு முகடுகள். அவை 25-க்கான மதிப்பெண்ணாக மாறும் வழியில் காணாமல் போயிருந்தன: இரண்டு தேர்வுகளில் சிறந்தது எடுத்துக்கொள்ளப்பட்டது, குறைந்தவர்களுக்கு மறுதேர்வு வைக்கப்பட்டது, ஒப்படைவுக்கு (அசைன்மென்ட்) எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து, வருகைக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். தன் கையால் ஒரு பிள்ளைக்கு அரியர் விழுந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருந்தது. அந்த எண்ணத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதன் விளைவைச் சொல்லத்தான் வேண்டும்.

பருவத்தேர்வின் திட்டவிலக்கம் 15, அகமதிப்பீட்டின் திட்டவிலக்கம் ஒன்றரை. வர்க்கப்படுத்தினால் 225-உம் இரண்டேகாலும். காகிதத்தில் கால்பங்கு என்று எழுதப்பட்ட அகமதிப்பீடு, மாணவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்துக் காட்டுவதில் நூற்றில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்தது. ஒரு பகுதியின் எடை அதற்கு ஒதுக்கப்பட்ட அதிகபட்ச மதிப்பெண்ணில் இல்லை, அது எவ்வளவு பரவுகிறது என்பதில் இருக்கிறது. எல்லோருக்கும் 22 போடுவதும் யாருக்கும் எதுவும் போடாமல் தேர்ச்சிக் கோட்டை 22 இறக்குவதும் கணக்கில் ஒன்றுதான். இங்கோ பருவத்தேர்வுக்குத் தனிக் கோடு இருந்ததால் அந்த உதவியும் போய்ச் சேரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சார்புநிலைத் தரமிடலைக் குழு ஏற்கவில்லை. ஒற்றை முகடுள்ள, மணி வடிவ இயல்நிலைப் பரவலில், சராசரிக்கு இருபுறமும் அரைத் திட்டவிலக்கத்துக்குள் சுமார் 38 விழுக்காட்டினர் இருப்பார்கள். நடுத்தரம் என்ற எழுத்துக்கு அங்கே பொருள் உண்டு. எங்கள் வகுப்பில் அந்த இடைவெளியில் ஆறில் ஒரு பங்கினர்தான் இருந்தார்கள். மேலும், சராசரிக்கு ஒன்றரைத் திட்டவிலக்கம் கீழே தேர்ச்சிக் கோட்டை வைத்தால் அரியர் 67-இலிருந்து ஐந்தாறு பேராகச் சுருங்கிவிடும். குறை குறியின் சிக்கல் அப்படியே இருக்க, முடிவு மட்டும் அழகாகிவிடும். மாணவர்கள் எழுதி முடித்த பிறகு விதியை மாற்றுவது முறையா என்ற கேள்வியும் இருந்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அதில் உறுதியாக நின்றார்.

கருணை மதிப்பெண்ணும் மறுக்கப்பட்டது. இதில் கருத்து வேறுபாடு நீடித்தது. 28 வாங்கியவருக்கும் 25 வாங்கியவருக்கும் இடையில் உள்ள வேறுபாடு புரிதலில் உள்ளதா, கழித்தல் குறியில் உள்ளதா என்று தெரியாமல், கோட்டுக்கு அருகில் இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தூக்கிவிடுவது சரியாகாது என்ற வாதம் கடைசியில் எடுபட்டது.

எடுத்த முடிவு இது: விடைக்குறிப்பில் தொடர்பிழை விதி சேர்க்கப்பட்டது. ஒரு பிழைக்கு அது நேர்ந்த இடத்தில் ஒருமுறை மட்டும் மதிப்பெண் குறைக்க வேண்டும். அந்தத் தவறான எண்ணைக் கொண்டு பின்னால் செய்த வேலை முறைப்படி இருந்தால் அதற்குரிய மதிப்பெண் தர வேண்டும். கோட்டருகே இருந்தவர்களின் தாள்கள் மட்டுமல்லாமல் 180 தாள்களின் கணக்குப் பகுதிகளும் இந்த விதிப்படி மறுபடி படிக்கப்பட்டன. வலப்பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதே உரிமை உண்டு என்பதே காரணம். தேர்வு முடிவு வெளியாவது இதனால் தள்ளிப்போயிற்று.

பின்விளைவு

பதினான்கு பேர் 30-ஐத் தாண்டினார்கள். கருணை மதிப்பெண் கொடுத்திருந்தால் தேறியிருக்கக்கூடிய பத்தொன்பது பேரில் ஒன்பது பேர்தான் இதில் அடங்குவர். மீதி ஐந்து பேர் 23-லிருந்து 26 வரை வாங்கியிருந்தவர்கள். 28, 29-இல் நின்ற சிலர் அங்கேயே நின்றார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்குகளைத் தொடவே இல்லை. வலப்பக்கத்தில் சிலருக்கு பி பிளஸ் ஏ ஆயிற்று. இரண்டு முகடுகளும் அப்படியே இருந்தன. திருத்தும் முறையை மாற்றியதால் அவை இணையும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. 53 பேர் அரியரோடு இரண்டாமாண்டுக்குப் போனார்கள்.

அடுத்த ஆண்டு மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. வணிகக் கணிதம் படிக்காதவர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் இணைப்பு வகுப்பு வைக்கப்பட்டது. காலை 8 மணிக்கு வைத்தபோது மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள் பாதிப் பேர் வரவில்லை, அவர்களுக்காகத்தான் வகுப்பே. பிறகு நூலக நேரத்துக்கு மாற்றியதும் வருகை சரியானது. ஒப்படைவுக்குப் பதிலாக வகுப்பறையிலேயே எழுதும் சிறுதேர்வு வந்தது. முதல் உள்தேர்வின் மூல மதிப்பெண் பரவலைத் துறைக் கூட்டத்தில் வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. சராசரி விலக்கப் பாடத்துக்கும் ஒட்டுறவுக்கும் இடையில் குறிகளுக்கென்றே ஒரு வகுப்பை ஆசிரியர்கள் தாமாகவே சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து அதிகப் பலன் தந்தது அதுதான், அதற்குச் செலவும் இல்லை.

அந்த ஆண்டின் படத்தில் இடப்பக்க முகடு நகர்ந்து, வலப்பக்க முகட்டின் தோளில் சாய்ந்த மேடு போலாகியிருந்தது. அரியர் முப்பது சொச்சம். ஆனால் அகமதிப்பீடு 12-லிருந்து 24 வரை பரவியதால் முதன்முறையாக சி தரத்தில் ஆட்கள் வந்தார்கள், ஓ வாங்கியவர்கள் குறைந்தார்கள். முந்தைய ஆண்டில் பி வாங்கியிருக்கக்கூடிய நாங்கள் இப்போது சி வாங்குகிறோமே, வேலைக்கு ஆளெடுக்க வருபவர்கள் மதிப்பெண் பட்டியலைத்தானே பார்ப்பார்கள் என்று மாணவர்கள் துறைத்தலைவரிடம் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. மற்றத் துறைகள் பழையபடியே 22 போட்டுக்கொண்டிருக்க, ஒரு துறை மட்டும் மாறினால் அந்தத் துறையின் மாணவர்கள்தான் விலைகொடுக்கிறார்கள்.

இனி மாற வேண்டியவை

முடிவுப் பகுப்பாய்வுப் படிவத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்தில் பரவலின் படத்துக்கும் இடம் ஒதுக்கக் கல்விக்குழு ஒப்புக்கொண்டது. தொடர்பிழை விதி கணக்கு சார்ந்த எல்லாத் தாள்களுக்கும் வினாத்தாள் அமைப்பவருக்கு அனுப்பும் குறிப்பிலேயே சேர்க்கப்பட்டது. திருத்தி முடித்த பிறகு சேர்ப்பதை விட இதுவே முறை. அகமதிப்பீட்டைக் கல்லூரி முழுவதும் ஒரே மாதிரி மாற்றும் முன்மொழிவு இன்னும் துறைகளின் கருத்துக்காகச் சுற்றில் இருக்கிறது. பருவத்தேர்வுக்கான தனிக் கோட்டை நீக்கக் கேட்டது ஏற்கப்படவில்லை. அகமதிப்பீடு நம்பும்படி ஆன பிறகு மீண்டும் கொண்டுவரச் சொன்னார்கள். 51 வாங்கியவர் அரியர், 52 வாங்கியவர் பி என்ற நிலை ஆகவே தொடர்கிறது.

முதல் ஆண்டின் 53 பேரில் பெரும்பாலோர் அடுத்த இரண்டு தேர்வுகளில் தேறிவிட்டார்கள். பதினொரு பேருக்கு அந்தத் தாள் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இணைப்பு வகுப்பு முதலாண்டு நேர அட்டவணையில் மட்டும் இருப்பதால் இவர்களுக்கு அதில் இடமில்லை. சனிக்கிழமைகளில் தனியாக நடத்த ஒரு ஆசிரியர் முன்வந்திருக்கிறார், அவருக்கான பணிநேரக் கணக்கை நிர்வாகம் இன்னும் ஏற்கவில்லை.